கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வரும் பென் டிரைவ்

பென் டிரைவால் வரும் ஆபத்து பற்றிப் பேச்சு வந்தால் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: “செருகியதும் ஸ்கேன் செய்துவிடு.” இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், “எதையும் திறக்காமல் நேராக ஃபார்மட் செய்துவிடு” என்பார்கள். ஒருவகை ஆபத்துக்கு இரண்டுமே நல்ல அறிவுரைகள். ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. அதில், நீங்கள் மௌஸைத் தொடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஸ்கேன் செய்தால் ஒன்றும் அகப்படாது. ஃபார்மட் செய்தாலும் அதற்கு ஒரு குறையும் வராது. ஏனென்றால் உங்கள் கணினியைப் பொறுத்தவரை அது பென் டிரைவே அல்ல, ஒரு கீபோர்டு.

இந்த இரண்டு ஆபத்துகளையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம். கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

## பழைய பயம்: கோப்பில் ஒளிந்திருந்த வைரஸ்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக் கணினிக்கூடத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ பென் டிரைவைக் கொடுத்து வாங்கியவர்களுக்கு ஷார்ட்கட் வைரஸ் நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டுகள் மட்டும் நிற்கும். அதே காலத்தில், 2008-இன் இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் விண்டோஸின் ‘ஆட்டோரன்’ வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 7-இல் பென் டிரைவ்களுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது. பழைய பதிப்புகளுக்கும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தும் அப்டேட்டை அனுப்பியது.

இவை எல்லாம் கோப்பு வடிவில் வந்த தீமைகள். கோப்பு என்றால் ஆன்டிவைரஸால் படித்துப் பார்க்க முடியும், ஃபார்மட் செய்து அழிக்க முடியும். நம்முடைய அறிவுரைகள் எல்லாம் அந்தக் காலத்தில் உருவானவை.

## கணினி எப்படி ஒரு சாதனத்தை அடையாளம் காண்கிறது

மின் கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். “மீட்டர் ரீடிங் எடுக்க வந்திருக்கிறேன்” என்று வாசலில் குரல் கேட்டதும் கதவைத் திறந்து மீட்டர் பெட்டியைக் காட்டுகிறோம். அடையாள அட்டையைக் கேட்கும் வழக்கம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. அவர் சொன்ன வேலையை வைத்தே அவரை எதுவரை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறோம்.

யூஎஸ்பி போர்ட்டும் இப்படித்தான். ஒரு சாதனத்தைச் செருகியதும் கணினி அதனிடம் “நீ யார்?” என்று கேட்கிறது. சாதனம் ஒரு சிறு தகவல் தொகுப்பை அனுப்புகிறது. இதற்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். தயாரிப்பாளரின் எண், மாடலின் எண் ஆகியவற்றோடு, நான் எந்த வகை என்ற எண்ணும் அதில் இருக்கும். வகை எண் 8 என்றால் சேமிப்புச் சாதனம், அதாவது பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் போன்றவை. வகை எண் 3 என்றால் ஹெச்ஐடி. மனிதர் கையால் இயக்கும் கீபோர்டு, மௌஸ் போன்ற உள்ளீட்டுச் சாதனங்களுக்கான பொதுப்பெயர் இது.

சாதனம் என்ன சொல்கிறதோ அதைக் கணினி அப்படியே ஏற்றுக்கொள்கிறது. சரிபார்க்க எந்த ஆவணமும் கேட்பதில்லை. வெளிக்கூடு பென் டிரைவ் வடிவில் இருக்கிறதா, சார்ஜர் கேபிள் வடிவில் இருக்கிறதா என்று பார்க்கக் கணினிக்குக் கண்ணும் இல்லை. உள்ளே இருக்கும் சிப் “3” என்று சொன்னால், அது கீபோர்டுதான்.

ஒரே சாதனம் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைச் சொல்லிக்கொள்ளவும் அனுமதி உண்டு. கேமராவும் மைக்கும் சேர்ந்த வெப்கேம் இப்படித்தான் இயங்குகிறது. அதனால் ஒரு சாதனம் கோப்புகளைக் காட்டும் பென் டிரைவாகவும், தானே தட்டச்சு செய்யும் கீபோர்டாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். திரையில் பென் டிரைவ் ஐகான் வந்ததை வைத்து அது பென் டிரைவ் மட்டும்தான் என்று நம்பிவிட முடியாது.

இவ்வளவு எளிதாக ஏன் நம்புகிறது? யூஎஸ்பி 1996-இல் வந்தபோது, செருகியதும் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வடிவத்தில் போர்ட் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை இணைத்தால் பல நேரம் கணினியை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைப் போக்கியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் செருகப்படுவது பொய் சொல்லக்கூடும் என்ற நினைப்புக்கு அந்த வடிவமைப்பில் இடம் வைக்கப்படவில்லை.

சுருக்கமாக: சாதனம் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறதோ அதுதான் கணினிக்கு அதன் அடையாளம். அந்த அறிமுகத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.

## கீபோர்டுக்கு மட்டும் ஏன் இத்தனை அதிகாரம்

பென் டிரைவ் என்று சொல்லிக்கொண்டு வரும் சாதனத்தால் கோப்புகளைக் காட்டத்தான் முடியும். அவற்றில் ஒன்றை யாராவது திறக்க வேண்டும். கீபோர்டுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. கீபோர்டில் அழுத்தப்படும் ஒவ்வொரு விசையும் நீங்களே அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம்.

ஒரு விசையழுத்தம் கணினிக்குள் எப்படிப் போகிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். சாதாரண கீபோர்டு ஒவ்வொரு முறையும் எட்டு எண்கள் கொண்ட ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. முதல் எண்ணில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் போன்ற துணை விசைகளின் நிலை இருக்கும். இரண்டாவது காலி. மீதி ஆறில் அந்த நேரத்தில் அழுத்தப்பட்டிருக்கும் விசைகளின் எண்கள் இருக்கும். ‘ஏ’ விசையின் எண் 4, ‘பி’ 5, இப்படியே வரிசையாகப் போனால் ‘ஆர்’ 21. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் கணினிக்குப் போகும் செய்தி இதுதான்: 8, 0, 21, 0, 0, 0, 0, 0. விரலை எடுத்ததும் எட்டும் பூஜ்யமாகும். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ‘ரன்’ பெட்டி திறந்துவிடும்.

இந்த எட்டு எண்களில் உங்கள் விரலின் அடையாளம் எங்காவது இருக்கிறதா? இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறு மின்னணுப் பலகையும் இதே எட்டு எண்களை அனுப்பும். கணினிக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

அடுத்ததாக ரன் பெட்டியில் ஒரு கட்டளை விழும். இணையத்தில் இன்ன முகவரிக்குப் போய் இன்ன நிரலை இறக்கி ஓட்டு என்று சொல்லும் கட்டளை அது. கடைசியாக என்டர். விண்டோஸில் இயல்பாகவே இருக்கும் பவர்ஷெல் என்ற நிர்வாகக் கருவியே இந்த வேலைக்குப் போதும். கணினி வழக்கமாக நொடிக்கு நூறு தடவைக்கு மேல் கீபோர்டிடம் “ஏதாவது உண்டா?” என்று கேட்கிறது. சில சாதனங்களை ஆயிரம் தடவை கேட்கும். ஓர் எழுத்துக்கு அழுத்த ஒரு செய்தி, விட ஒரு செய்தி என்று கணக்கிட்டால், இருநூறு எழுத்துள்ள கட்டளையைத் தட்ட மூன்று நான்கு நொடி ஆகும். வேகமான சாதனத்துக்கு அரை நொடி போதும். திரையில் ஒரு சிறு பெட்டி மின்னி மறையும். பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

கணினிக்குப் போவது விசையின் எண்தானே தவிர எழுத்து அல்ல என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினியில் அமைத்திருக்கும் கீபோர்டு அமைப்பு. அந்த நேரத்தில் தமிழ்99 அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட அந்தக் கட்டளை பொருளற்ற தமிழ் எழுத்துகளாக வந்து விழும். ஆனால் இதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். அடுத்த நிமிடம் ஆங்கிலத்துக்கு மாறினால் போயிற்று.

## இது கற்பனை அல்ல

2010-இல் ஹாக்5 என்ற நிறுவனம், பென் டிரைவ் வடிவில் தானாகத் தட்டச்சு செய்யும் ‘ரப்பர் டக்கி’ என்ற கருவியைப் பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்காக விற்கத் தொடங்கியது. ஆக, இந்த யோசனை புதிதல்ல. ஆனால் 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டியதுதான் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேட்யூஎஸ்பி’.

ஒவ்வொரு பென் டிரைவிலும் கோப்புகள் இருக்கும் நினைவகத்தைத் தவிர, அதை இயக்கும் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் ஒன்றும் இருக்கிறது. அந்தச் சிப்புக்கான உள்நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். “நீ யார்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இந்த ஃபர்ம்வேர்தான். கடையில் வாங்கிய சாதாரண பென் டிரைவ்களில் சிலவற்றின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதி, அவற்றைக் கீபோர்டாகப் பேச வைக்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். சில வாரங்களில், ஆடம் காடில், பிராண்டன் வில்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஃபைசன் நிறுவனத்தின் ஒரு கன்ட்ரோலருக்கு இதைச் செய்யும் நிரலைப் பொதுவெளியிலேயே வெளியிட்டார்கள். எல்லா பென் டிரைவ்களையும் இப்படி மாற்றிவிட முடியாது. ஆனால் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

நிஜமான தாக்குதலும் நடந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஃபின்7 என்ற குற்றக் கும்பல் 2021 ஆகஸ்ட் முதல் போக்குவரத்து, காப்பீட்டு நிறுவனங்களுக்கும், பாதுகாப்புத் துறைக்கும் தபாலிலும் கூரியரிலும் பார்சல்கள் அனுப்பியிருந்தது. சில பார்சல்கள் அமெரிக்க சுகாதாரத் துறையிலிருந்து கோவிட் வழிகாட்டுதல்களோடு வந்தவை போல இருந்தன. மற்றவை அமேசானின் பரிசுப் பெட்டி போல, நன்றிக் கடிதமும் போலிப் பரிசு அட்டையுமாக வந்தன. இரண்டிலும் ஒரு யூஎஸ்பி சாதனம். செருகினால் அது கீபோர்டு என்று பதிவாகிக் கட்டளைகளைத் தட்டும். கணினிகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரைப் பரப்புவதே அந்தக் கும்பலின் குறிக்கோள்.

யார் செருகப் போகிறார்கள் என்று தோன்றலாம். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் வளாகத்தில் 297 பென் டிரைவ்களைப் போட்டுவைத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி, அவற்றில் குறைந்தது 45 சதவீதம் யாரோ ஒருவரால் கணினியில் செருகப்பட்டுக் கோப்புகள் திறக்கப்பட்டன. உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தில் திறந்தவர்களும் அவர்களில் நிறைய. இதை முட்டாள்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உதவும் குணத்தையே வழியாகப் பிடித்துக்கொள்ளும் தாக்குதல் இது.

கேபிளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2019-இல் அறிமுகமான ஓ.எம்.ஜி. கேபிள், பார்க்க சாதாரண சார்ஜர் கேபிள்தான். அதன் முனைக்குள் சிறு சிப்பும் வைஃபையும் இருக்கின்றன. தொலைவிலிருந்து கட்டளை கொடுத்தால் அது தட்டச்சு செய்யும்.

## ஆன்டிவைரஸ் ஏன் பிடிப்பதில்லை

ஆன்டிவைரஸ் படிப்பது கோப்புகளை. இந்தச் சாதனத்தில் தீமை இருப்பது ஃபர்ம்வேரில். அதைப் படித்துக் காட்டு என்று கேட்க யூஎஸ்பி-யில் பொதுவான வழி எதுவும் இல்லை. அப்படிக் கேட்க முடிந்தாலும் பதில் சொல்லப் போவது அதே ஃபர்ம்வேர்தான். பிறகு இணையத்திலிருந்து இறங்கும் நிரலை ஆன்டிவைரஸ் பிடிக்கலாம், அதனால் அதை நீக்கிவிட வேண்டாம். ஆனால் அது இரண்டாவது கட்டம்.

அலுவலகங்களில் இன்னொரு தவறான நம்பிக்கை உண்டு. “எங்கள் ஆபீசில் யூஎஸ்பி பிளாக் செய்யப்பட்டிருக்கிறது” என்பார்கள். பெரும்பாலும் தடுக்கப்பட்டிருப்பது சேமிப்புச் சாதனம் என்ற வகை எண் 8 மட்டுமே. அதே போர்ட்டில் கீபோர்டும் மௌஸும் இயங்குகின்றன என்றால், கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு வருவதும் இயங்கும். உங்கள் அலுவலகத்தில் எது தடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

## என்ன செய்யலாம்

இன்றைக்கே செய்யக்கூடியதும் செலவில்லாததும் திரையைப் பூட்டுவதுதான். விண்டோஸில் விண்டோஸ் விசையும் எல் விசையும். பூட்டிய திரையில் கள்ளக் கீபோர்டு என்ன தட்டினாலும் அது பாஸ்வேர்டு கேட்கும் பெட்டிக்குத்தான் போகும். டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்தில் யாராவது எதையாவது செருகிவிட்டுப் போகும் ஆபத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் நீங்கள் திரும்பி வந்து திறக்கும்வரை சாதனம் பொறுமையாகக் காத்திருக்கலாம். ஆகவே உட்கார்ந்ததும் போர்ட்களை ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்தது, தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைப் பயன்படுத்துவது. விண்டோஸ் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்யும் முன் அனுமதி கேட்கும். நீங்கள் நிர்வாகிக் கணக்கில் இருந்தால் அந்தக் கேள்விக்கு “ஆம்” என்று சொன்னால் போதும். அந்த “ஆம்”-ஐ அழுத்தக் கீபோர்டுக்குத் தெரியும். சாதாரணக் கணக்கில் இருந்தால் நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது சாதனத்துக்குத் தெரியாது. உங்கள் சொந்தக் கோப்புகளைத் திருடுவதை இது தடுக்காது என்றாலும், கணினி முழுவதையும் கைப்பற்றுவதைக் கடினமாக்கும்.

உண்மையான தீர்வு, வாசலிலேயே நிறுத்திக் கேட்பது. புதிய சாதனம் எது வந்தாலும் என் அனுமதி இல்லாமல் சேர்க்காதே என்று கணினிக்குச் சொல்லிவைக்க வேண்டும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்காகவே யூஎஸ்பிகார்டு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இப்போது இணைந்திருக்கும் சாதனங்களை அனுமதிப் பட்டியலாக எழுதிக்கொண்டு, மற்றவை எல்லாவற்றையும் அது தடுக்கும். பட்டியலை முதலில் உருவாக்கிவிட்டு அதன் பிறகே மென்பொருளை இயக்க வேண்டும். வரிசை மாறினால் உங்கள் கீபோர்டையே அது தடுத்துவிடும். சேமிப்புச் சாதனம் மட்டும் என்று சொல்லிக்கொள்பவற்றை விடு, சேமிப்பும் கீபோர்டுமாகச் சேர்ந்து வருபவற்றை நிராகரி என்றும் அதில் விதி எழுதலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பென் டிரைவுக்குத் தட்டச்சு செய்ய எந்த நியாயமான காரணமும் இல்லை.

ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்புக்குகளில், 2022-இல் வந்த மேக் இயங்குதளத்தின் வென்ச்சுரா பதிப்பிலிருந்து, புதிய சாதனத்தைச் செருகினால் அனுமதிக்கலாமா என்று கேட்கும். யோசிக்காமல் அனுமதியைத் தட்டும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வசதி வீண். சார்ஜர் கேபிளைச் செருகியபோது அனுமதி கேட்டால், ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். விண்டோஸின் ப்ரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்பின் மூலம், பட்டியலில் இல்லாத சாதனங்கள் நிறுவப்படுவதைத் தடுக்கலாம். வீட்டுப் பதிப்பில் இது நேரடியாகக் கிடைக்காதது பெரிய குறை.

இந்தப் பட்டியல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்வதும் அதே சாதனம்தான். அலுவலகம் முழுவதும் ஒரே மாடல் கீபோர்டு என்று தெரிந்தவன், அதன் எண்களையே தன் சாதனத்துக்குக் கொடுத்துவிடுவான். எனவே, ஏற்கனவே ஒரு கீபோர்டு இருக்கும்போது இன்னொன்றை ஏற்காதே என்பதையும் விதியாகச் சேர்ப்பது நல்லது. தட்டச்சின் வேகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. கூகுள் 2020-இல் லினக்ஸுக்காக வெளியிட்ட யூகிப் என்ற கருவி, மனிதக் கைக்குச் சாத்தியமில்லாத வேகத்தில் விசைகள் வந்தால் அந்தச் சாதனத்தைத் துண்டிக்கும். மெதுவாகத் தட்டும்படி அமைக்கப்பட்ட சாதனம் இதிலிருந்து தப்பலாம். ஆனால் மெதுவாகத் தட்டினால் திரையில் நடப்பது உங்கள் கண்ணில் படும்.

சுருக்கமாக: பூட்டிய திரையும் சாதாரணக் கணக்கும் எல்லோருக்கும் இன்றே சாத்தியம். புதிய சாதனத்துக்கு அனுமதி கேட்கும் ஏற்பாடு முடிந்தவர்களுக்கெல்லாம் அவசியம்.

## ஜெராக்ஸ் கடையும் இ-சேவை மையமும்

முன்பின் தெரியாதவர்களின் பென் டிரைவைச் செருகாதே என்பது ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கு உதவாத அறிவுரை. அதைச் செருகுவதுதான் அவர்கள் தொழில். அந்தக் கணினியிலேயே மற்றவர்களின் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் கிடக்கும் என்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பிரிண்ட் எடுக்கும் கணினி வேறு, விண்ணப்பங்களும் பணப் பரிமாற்றமும் நடக்கும் கணினி வேறு என்று பிரித்துவிடுவது முதல் வேலை. பிரிண்டுக்கு ஒரு பழைய கணினி போதும். அதில் லினக்ஸ் போட்டு, சேமிப்புச் சாதனம் மட்டும் என்ற யூஎஸ்பிகார்டு விதியை வைத்துவிட்டால் கள்ளக் கீபோர்டுக்கு வேலை இல்லை. கோப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்வது பென் டிரைவையே தவிர்க்கிறது. அப்படி வரும் கோப்பிலும் வைரஸ் இருக்கலாம், ஆனால் அது ஸ்கேனுக்கு அகப்படும் வகை.

பென் டிரைவைக் கொண்டுபோகும் நமக்கு, அந்தக் கடையில் தொற்ற அதிக வாய்ப்புள்ளது பழைய கோப்பு வைரஸ்தான். ஃபர்ம்வேரை மாற்றுவது அதைவிட மிக அரிதான காரியம். இதைச் சொல்லாமல் விட்டால் தேவையற்ற பீதியைக் கிளப்பியவனாகிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் செய்வதைத் தொடருங்கள்.

## செருகிய பிறகு சந்தேகம் வந்தால்

தெரியாத சாதனத்தைச் செருகியதும் ஒரு கறுப்புப் பெட்டி மின்னி மறைந்தது, அல்லது எழுத்துகள் தாமாக ஓடின என்றால், சாதனத்தை உருவுவது மட்டும் போதாது. தட்டியது தட்டியதுதான். உடனே வைஃபையை அணையுங்கள், அல்லது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அந்தக் கட்டளை இன்னும் எதையாவது இறக்கிக்கொண்டிருந்தால் அது அங்கே நிற்கும். அலுவலகக் கணினி என்றால் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தாமதிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று அரைநாள் தள்ளிப்போடுவதுதான் பாதிப்பைப் பெருக்கும். திட்டாமல் கேட்டுக்கொள்வது அந்தப் பிரிவின் கடமை. பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. சொந்தக் கணினி என்றால் முக்கியக் கோப்புகளை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். அந்தச் சாதனத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று இன்னொரு கணினியில் செருக வேண்டாம். ஓர் உறையில் போட்டு, எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி, விசாரிக்கப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.